பதினோரு பேரில் ஒருவர்

தாடையின் இடது பக்கம் மட்டும் பாக்கியிருந்தது. தம்பி ரேஸரை டம்ளர் தண்ணீரில் அலசிவிட்டு, அண்ணனின் கன்னத்தை இரண்டு விரல்களால் இழுத்துப் பிடித்தார். நேற்று வரைக்கும் இந்த இடம் வந்ததும் அண்ணனே வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஒத்துழைப்பார். இன்றைக்கு எல்லா வேலையையும் தம்பியே பார்க்க வேண்டியிருந்தது.

"பாத்து தம்பி, வெட்டிடப் போகுது" என்றார் அண்ணி, அறை வாசலில் நின்றபடி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தம்பிக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தலையில் முடி போய், மூக்கில் கண்ணாடி வந்து, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனும் பார்த்தாயிற்று. ஆனாலும் அந்த வட்டாரத்தில் அவருக்குத் தம்பி என்றுதான் பெயர். அண்ணன் பாட்டில் ஃபேக்டரியில் தொழிற்சங்கச் செயலாளராகப் பல காலம் இருந்தவர். செயலாளரின் தம்பி, ஆகவே எல்லாருக்கும் தம்பி. அவர் ஓட்டுகிற ஸ்கூல் வேனில் ஏறும் வாண்டுகள்கூட "தம்பி அங்கிள்" என்றுதான் கூப்பிடும். அவரும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

அண்ணன் படுத்த படுக்கையாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தம்பி காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேனை நேராக இங்கே கொண்டுவந்து நிறுத்துவார். உடம்பு துடைப்பது, சட்டை மாற்றுவது, முகம் மழிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. "எனக்குத் தலைவலின்னு ஒரு நாளாவது டீ போட்டுக் குடுத்திருப்பீங்களா?" என்று அவர் மனைவி கேட்பாள். தம்பி சிரித்து மழுப்புவார். காரணம் அவளுக்கும் தெரியும். அண்ணன் தனக்காகப் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு என்பது அவர் எண்ணம்.

அது இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. ஃபேக்டரியில் இருந்த இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்தார்கள். பதினோரு பேர் வெளியே போக வேண்டும், சங்கம் முரண்டு பிடித்தால் மொத்த ஃபேக்டரிக்கும் பூட்டு என்றது நிர்வாகம். அந்தப் பதினோரு பேரில் தம்பியும் ஒருவர். உருகிய கண்ணாடி வந்து விழுகிற இரும்பு அச்சுகளை மெஷினில் பொருத்துகிற வேலை அவருடையது. மயிரிழை விலகினாலும் பாட்டிலின் கழுத்து கோணிவிடும். அந்த வேலையின் மேல் அவருக்கு இருந்த கிறுக்கு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீட்டில் பாட்டிலைக் கையில் கொடுத்தால் குடிக்க மாட்டார், அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வேலை போன அன்று சாயங்காலம் ஃபேக்டரி வாசலில் நின்று, வெட்கம் மானம் பார்க்காமல், தேம்பித் தேம்பி அழுதார். அண்ணன்தான் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார். "எவ்வளவோ போராடிப் பாத்தேன்டா. உன் பேரையாவது எடுங்கன்னு காலைப் பிடிக்காத குறை. மேனேஜர் அசைய மாட்டேன்னுட்டான்." சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற மனுஷன், தனக்காக ஒரே ஒரு தடவை அந்த நியாயத்தைக் கொஞ்சம் வளைக்கப் பார்த்தாரே! தம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. அதை நினைத்துக்கொண்டுதான் வேறு ஊரில் ஒரு கிடங்கில் ஏழெட்டு வருஷம் காவல் இருந்தார். எப்போதாவது கிடைக்கும் லீவில் வீட்டுக்கு வந்தபோது, மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு "யாரோ வந்திருக்காங்கம்மா" என்று சொன்னதையும் அதை நினைத்துத்தான் தாங்கிக்கொண்டார். பிறகு திரும்பி வந்து வேன் ஓட்டத் தொடங்கினார். ஃபேக்டரி வழியாகப் போகும் ரோட்டில் மட்டும் வேனை விடுவதில்லை.

அண்ணனின் முகத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. திருப்தியாக எழுந்தார்.

வீட்டு முன்னால் கட்டியிருந்த படுதாவின் கீழே துக்கத்துக்கு வந்த கூட்டம் சேர்ந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் சீருடையிலேயே வந்திருந்தார்கள். சங்கத்தின் பழைய துணைச் செயலாளர் நடுநாயகமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். அவர் ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெருவில் பதில் வரும். தம்பி தண்ணீர் பாட்டில்களை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"சும்மா சொல்லக்கூடாதுப்பா. ஆட்குறைப்பு வந்தப்ப செயலாளர் என்ன பண்ணார் தெரியுமா?" மைக்செட் இளவட்டங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நிர்வாகம் சொன்ன பதினோரு பேர்ல தம்பி பேரே கிடையாது."

தம்பி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றார்.

"பேக்கிங்ல ஒருத்தர் பேர்தான் இருந்துச்சு. நாலு பொம்பளப் பிள்ளைங்க, பெண்டாட்டி சீக்காளி. செயலாளர் கமிட்டியைக் கூப்பிட்டார். 'இவன் போனா ஆறு பேர் நடுத்தெருவுக்கு வந்துடுவாங்க. இவனை எடுத்துட்டு என் தம்பியைப் போடச் சொல்லப்போறேன்'னார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர் பாட்டுக்கு விரல் விட்டுச் சொல்றார். 'தம்பிக்கு ஒரே பொண்ணு, பெண்டாட்டி வேலைக்குப் போகுது, கைவேலை தெரிஞ்சவன், எங்க போனாலும் பிழைச்சுக்குவான். அதோட, செயலாளரோட தம்பியே வெளிய போறான்னா மத்த பத்துப் பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஸ்ட்ரைக், பூட்டுன்னு போகாது. முந்நூறு குடும்பம் தப்பிச்சுக்கும்'கிறார். கூடப் பிறந்த தம்பிய்யா! யாருக்கு வரும் அந்த மனசு?"

"மேனேஜர் ஒத்துக்கிட்டாரா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அவன் எங்க ஒத்துக்கிட்டான்! அச்சு பொருத்த அந்த ஆளை விட்டா நாதியில்ல, அவனை மட்டும் கேக்காதீங்கன்னான். செயலாளர் விட்டாத்தானே? மல்லுக்கு நின்னு, தம்பி பேரைச் சேர்த்துட்டுத்தான் எழுந்தார். வெளிய பேசக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வேற. இன்னைக்குச் சொல்லாம எப்பச் சொல்றது?"

யாரோ கண்ணைக் காட்ட, மைக்செட் திரும்பிப் பார்த்தார். "அட, வாங்க தம்பி! உங்களைப் பத்தித்தான். நீங்க மட்டும் லேசுப்பட்ட ஆளா? இத்தனை வருஷமா ஒரு வார்த்தை மூச்சு விடலையே!"

கேள்வி கேட்ட பையன் எழுந்து தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "உங்க அண்ணன் பண்ணது பெரிய தியாகம் சார்."

தம்பி அவன் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பக்கத்திலிருந்தவனுக்கும் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அண்ணன் போராடினார் என்பது உண்மைதான். எதற்குப் போராடினார் என்பதைத்தான் மாற்றிச் சொல்லியிருந்தார்.

சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துத் தம்பி ஒரு சைக்கிள் பரிசு வாங்கினார். ஒரு வாரம் ஆசை தீர ஓட்டவில்லை, அண்ணன் அதைத் தெருவிலிருந்த பையன்களுக்கெல்லாம் முறை வைத்துக் கொடுத்துவிட்டார். "நீ மட்டும் ஓட்டினா ஒருத்தனுக்குச் சந்தோஷம். ஏழு பேர் ஓட்டினா ஏழு பேருக்குச் சந்தோஷம். எது பெருசு, நீயே சொல்லு." தம்பிக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அண்ணன் கஞ்சன் என்று யாரும் சொல்ல முடியாது. தன் சட்டை, தன் சாப்பாடு, தன் தூக்கம் எல்லாவற்றையும் அதே மாதிரிதான் வாரிக் கொடுத்தார். தன்னுடையது எது, தம்பியுடையது எது என்ற பிரிவினைதான் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

மைக்செட் சொன்ன கணக்கைத் தம்பி மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தார். ஒரே மகள், சரி. மனைவிக்கு வேலை, சரி. பிழைத்துக்கொண்டார், அதுவும் சரி. மற்றவர்கள் வாயடைத்துப்போனார்கள், ஃபேக்டரி இன்றும் ஓடுகிறது. எங்கேயாவது ஒரு தப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திட்டலாம். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

உள்ளே அண்ணனின் கட்டிலருகே நர்ஸ் மிச்சமிருந்த பஞ்சையும் கட்டுத்துணியையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்க நாள் தவறாமல் வந்தவள். காசுப் பேச்சை எடுத்தால் காதைப் பொத்திக்கொள்வாள். பக்கத்துத் தெருப் பெண், நல்ல மனசு என்று மட்டும்தான் தம்பி நினைத்திருந்தார்; மைக்செட்டின் பேச்சைக் கேட்ட பிறகு வேறு சந்தேகம் வந்தது. அண்ணனைப் புரட்டிப் போட அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்து, நாளாவட்டத்தில் இருவரும் நல்ல ஜோடி வேலைக்காரர்கள் ஆகியிருந்தார்கள்.

"உங்கப்பா பேக்கிங்லயா இருந்தார்?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள். "ஆமா அங்கிள். தெரியாதா உங்களுக்கு? ரிட்டயர் ஆகிட்டார். இப்ப கண்ணு சரியாத் தெரியல. வண்டியை நிறுத்தறப்ப ஃபேக்டரி வாசலுக்கு வந்து பாக்கிறேன்னிருக்கார்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அப்பவே கமிட்டில யாரோ அப்பா காதுல போட்டுட்டாங்களாம். அப்பா அடிக்கடி சொல்வார். 'செயலாளர் என் பேரை எடுத்தார்னா, அவர் தம்பி சம்மதிச்சாரே, அதுதான் பெருசு'ன்னு. எங்க வீட்டுல யாரையும் நீங்க ஒரு தடவைகூடக் கோபமா பாத்ததில்லையாம்."

நாலு பெண்களில் இவள் எத்தனையாவது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இந்தப் பெண் படிக்காமல் போய், அவள் வீடு நடுத்தெருவுக்கு வந்திருக்க வேண்டும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. முயன்றுகூடப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி நினைக்க வரவில்லை. அதற்காகவும் அண்ணன் மேல்தான் கோபம் வந்தது.

அண்ணி சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆறிப்போன டீ பக்கத்தில் இருந்தது. தம்பி கதவை லேசாகச் சாத்தினார்.

"அண்ணி, என் பேரைச் சேர்த்தது அண்ணன்தானா?"

அண்ணி டீ டம்ளரை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னையிலேருந்தே. முதல் நாள் ராத்திரியே சொன்னார்."

தம்பி சிங்க்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டில் அவர் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பார்! எத்தனை தடவை இதே அண்ணியிடம், அண்ணன் மட்டும் இல்லையென்றால் நான் என்றைக்கோ செத்திருப்பேன் என்று சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் அண்ணி தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் சோறு வைப்பார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி. கேட்டா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'தம்பிகிட்ட சொல்லிடுங்க, அவர் சரின்னுதான் சொல்வார்'னேன்." அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'சரின்னு சொல்லிடுவான், அதுதான்டி பிரச்சனை'ன்னார்."

"என்ன பிரச்சனை?"

"சரின்னு சொல்லிட்டா, அப்புறம் நீங்க அழமாட்டீங்களாம். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வெளிய வருவீங்களாம். பாக்கிறவங்க, அண்ணனும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டு நாடகம் போடுறாங்க, பின்னால வேற வேலை வாங்கிக் குடுத்துடுவான்னு பேசுவாங்களாம். நிஜமா வயிறெரிஞ்சு அழுதாத்தான் மத்தவங்க நம்புவாங்கன்னார்." அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வாசல்ல நின்னு அழுதீங்கல்ல? அதைப் பார்த்துட்டுத்தான் அந்தப் பத்துப் பேரும் பேசாமப் போனாங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதை இறுக்கி மூடினார்.

வேலையைக் கொடுத்திருப்பார். வருஷங்களைக்கூடக் கொடுத்திருப்பார். அண்ணன் கேட்டு அவர் எதை இல்லையென்றிருக்கிறார்? ஆனால் அந்த அழுகை அவருக்கே தெரியாமல் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. இன்னொன்றும் அவரை அரித்தது. நிஜமாகவே சரி என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தார். சொல்லாமல் சண்டை போட்டும் இருக்கலாம். தான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் வந்தது, அதையும் அண்ணனே முன்கூட்டி முடிவு பண்ணிவிட்டார்.

"உங்களை அவர் வேற ஆளா நினைக்கவே இல்ல தம்பி," என்றார் அண்ணி. "தன் கையைத் தானே வெட்டிக்கிட்ட மாதிரிதான் அவருக்கு. ரெண்டு நாள் சாப்பிடல."

"கை என்னுது அண்ணி" என்றார் தம்பி.

மதியம் அமரர் ஊர்தி வந்தது. கிளம்பும்போது மைக்செட் தம்பியின் தோளில் கை போட்டு, "ஷிஃப்ட் மாறுற நேரத்துக்கு ஃபேக்டரி வாசல்ல நிறுத்தறோம். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். உங்களை விட்டா யாருக்கு அருகதை?" என்றார். தம்பி தலையாட்டினார். சொல்ல வேண்டியது அவரிடம் இருந்தது. வண்டிக்குள் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக அதை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டு வந்தார். கோபப்படக்கூடாது, திட்டக்கூடாது. நடந்ததைச் சொன்னால் போதும். முந்நூறு பேரில் ஒருத்தராவது, ஐயோ, அப்படியா என்று கேட்டால் போதும்.

ஃபேக்டரி வாசலில் சங்கு ஊதியது. உள்ளேயிருந்து ஒரு ஷிஃப்ட் வெளியே வந்தது, வெளியே ஒரு ஷிஃப்ட் காத்து நின்றது. தலை தலையாக மனிதர்கள். பலர் அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். அப்பாவின் வேலை நிலைத்ததால் பிள்ளைக்கும் அதே ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. வாசலுக்கு உள்ளே போட்டிருந்த சிறிய மேடையில் தம்பி ஏறினார். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலுக்கு உள்ளே அவர் கால் வைத்தது அன்றுதான். முன்வரிசையில் நர்ஸ் தன் அப்பாவைக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். கண் தெரியாத அந்த மனுஷன், மேடை எந்தப் பக்கம் என்று தெரியாமல், வேறு திசையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

தம்பி மைக்கைப் பிடித்தார். சரிபார்த்து வைத்திருந்ததெல்லாம் காணாமல் போயிற்று.

"எங்க அண்ணன் எல்லாரையும் கேட்டுத்தான் எதையும் செய்வார்னு சொல்வாங்க" என்றார். குரல் ஒலிபெருக்கியில் போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. "என்னை மட்டும் கேக்கல. என்னைக் கேக்காமத்தான் என் பேரைச் சேர்த்தார். எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

நர்ஸ் சட்டென்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"என்னைக் கேட்டிருக்கணும்" என்றார் தம்பி. "கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்."

அடுத்த வார்த்தைக்காக அவர் மூச்சை இழுப்பதற்குள் மைக்செட் பாய்ந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். கண்ணில் தாரை தாரையாக நீர். "கேட்டீங்களா தோழர்களே! தம்பி சொல்றதைக் கேட்டீங்களா! கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்கிறார்! இதுதான்யா குடும்பம்! அண்ணனுக்கு ஏத்த தம்பி!"

கைதட்டல் எழுந்தது. முதலில் முன்வரிசையில், பிறகு வெளியே ரோடு வரைக்கும். யாரோ அண்ணனின் புகழ் ஓங்குக என்று குரல் கொடுக்க, மொத்தக் கூட்டமும் திருப்பிச் சொன்னது. மேடையிலிருந்து இறங்கியவரை ஆளாளுக்குத் தொட்டார்கள், கையைப் பிடித்தார்கள், ஒருவர் கட்டியணைத்துக்கொண்டார். நர்ஸின் அப்பாவும் திசை தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் மட்டும் தட்டவில்லை. அவள் ஏதோ சொல்ல வந்தாள், கூட்டம் நடுவில் புகுந்துவிட்டது.

மறுபடி சங்கு ஊதியது. ஒரு ஷிஃப்ட் உள்ளே போனது, இன்னொன்று கலைந்து வீட்டுக்குப் போனது. மேடை போட்டவர்கள் பலகைகளைக் கழற்றினார்கள். வாசல் காவலுக்கு நின்ற இளைஞன் தம்பியைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் வெளிய நில்லுங்க, சாத்தணும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். தம்பி வெளியே வந்து நின்றார். இரும்புக் கதவு சக்கரத்தில் உருண்டு வந்து மூடிக்கொண்டது.

ஊர்தியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அண்ணனின் கால்மாட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்து, அதன் மேல் கையை ஊன்றியிருந்தார்.

"ஏறுங்க தம்பி, நேரமாகுது."

தம்பி கதவருகே போனார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். பிறகு கதவை வெளியிலிருந்து மெதுவாகத் தள்ளி, தாழ்ப்பாள் விழுகிற வரைக்கும் அழுத்தி மூடினார்.

வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றார்.

வண்டி கிளம்பியது.